வராதவளுக்குப் போட்ட வருகை

அந்தப் பள்ளிக்கூடத்தில் நான் தற்காலிக ஆசிரியையாக இருந்தது ஒரே ஒரு வருடம். எண்பதுகளின் நடுவில். அசாம் ஜாவா என்ற சின்ன டவுனில் பஸ்ஸை விட்டு இறங்கி, செம்மண் பாதையில் நாலு மைல் உள்ளே போனால் எண்ணெய் எடுக்கிற செம்பனை மரத் தோட்டம் ஒன்று வரும். அதன் நடுவில் இரண்டு கட்டடம், ஒரு கொடிக்கம்பம், நாற்பத்தொரு பிள்ளைகள். எனக்கு அப்போது இருபது வயது. இடைநிலைப் பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்ததும் ராவாங்கில் ஒரு தொழிற்சாலையில் ஆறு மாதம் நின்றுகொண்டே வேலை பார்த்துக் கால் வீங்கிப்போனதால், உட்கார்ந்து செய்கிற வேலை வேண்டும் என்று விண்ணப்பம் போட்டிருந்தேன். ஆசிரியை வேலையிலும் உட்கார முடியாது என்பது போன பிறகுதான் தெரிந்தது.

ஆசிரியர்கள் மூன்றே பேர். தலைமையாசிரியர், கிள்ளானிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்துபோன ஓர் ஆசிரியர், நான். தலைமையாசிரியரைத் தோட்டத்தில் எல்லாரும் பெரிய வாத்தியார் என்பார்கள். ஒரு மணிக்குப் பள்ளி விட்டதும் கிள்ளான்காரர் பறந்துவிடுவார். பெரிய வாத்தியாருக்குக் கோலசிலாங்கூரில் குடும்பம், அவரும் காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். பள்ளிக்குப் பின்னால் தோட்டம் எனக்கென்று ஒரு வீட்டை ஒதுக்கித் தந்திருந்தது. ஒன்றரை மணிக்கு அந்த வாசலில் நின்றால் மனிதக் குரல் கேட்காது. செம்பனை ஓலை உரசுகிற சத்தம் மட்டும் கேட்கும். சுங்கை சோவில் எங்கள் வீட்டில் பிள்ளைகள் ஆறு பேர். குளிப்பதற்குக்கூட வரிசையில் நின்று, சண்டை போட்டு வளர்ந்தவள் நான். தனியாக இருப்பது எப்படி என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. முதல் மாதம் பாதி நாள் மத்தியானம் சாப்பிடாமலே படுத்துக் கிடந்தேன்.

வயதில் சின்னவள் என்பதால் பள்ளியின் மேல்வேலைகளெல்லாம் என் தலையில் விழுந்தன. "டீச்சர் சின்ன வயசு, ஓடியாடிச் செய்வீங்க" என்று சொல்லிப் பெரிய வாத்தியார் நாலு ஃபைலை என் மேசையில் வைத்தார். பாடநூல் இரவல் திட்டம், ஏழைப் பிள்ளைகளுக்கு இடைவேளையில் போடும் துணை உணவு, பால் பாக்கெட், பல் பார்க்க வரும் தாதிக்குக் கொடுக்கவேண்டிய பட்டியல். எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான், வருகைப் பதிவேட்டில் பேர் இருக்க வேண்டும். பேர் இருந்தால் புத்தகம் உண்டு, சோறும் முட்டையும் உண்டு, பால் உண்டு, சொத்தைப் பல்லைப் பிடுங்கக்கூட ஆள் உண்டு. பேர் இல்லாத பிள்ளைக்கு அரசாங்கம் கொடுக்கிற எதுவும் கிடையாது.

தோட்டத்து ஆள்களின் பிள்ளைகளால் எனக்குத் தொல்லை இல்லை. பிறந்தது அங்கே, படிப்பதும் அங்கே. தொல்லை கொந்திராக்குப் பிள்ளைகளால்தான். களைக்கு மருந்தடிக்க, குலை அறுக்க, மறுநடவு செய்ய என்று குத்தகைக்காரர் லோரியில் ஏற்றிவந்து இறக்கும் குடும்பங்களுக்குத் தோட்டத்தில் அந்தப் பேர். கடைசி லயத்து வரிசை வீடுகளில் தங்குவார்கள். மூன்று மாதமோ நாலு மாதமோ இருப்பார்கள். வேலை முடிந்தால் லோரி வரும், சட்டி பானையோடு ஏற்றிக்கொண்டு இன்னொரு தோட்டத்துக்குப் போகும். எப்போது வரும் என்பது அவர்களுக்கே முந்தின நாள்தான் தெரியும். அதனால் பிள்ளைகள் சொல்லாமல் கொள்ளாமல் காணாமல் போவார்கள்.

நான் போன புதிதில் அண்ணன் தம்பி இரண்டு பேர் அப்படிப் போனார்கள். பத்து நாள் பார்த்துவிட்டுச் சிவப்புப் பேனாவும் ரூலருமாக உட்கார்ந்தேன், பேரை அடித்துவிடலாம் என்று. பெரிய வாத்தியார் ஓடிவந்து பதிவேட்டைப் பிடுங்கினார்.

"பேர அடிக்காதீங்க டீச்சர். அடிக்கிறதுக்கு ஒரு கோடு போதும். திரும்பச் சேக்கணும்னா சூராட் பெரானாக் கேப்பாங்க. இதுங்ககிட்ட அது ஏது? நான் மூஞ்சியப் பாத்துச் சேத்தது. ஒரு தடவ பேர் போச்சுன்னா போனதுதான்லா."

சூராட் பெரானாக் என்றால் பிறப்புப் பத்திரம். ஊர் ஊராகப் போகிற குடும்பங்களில் பாதிப் பேர் பிள்ளை பிறந்ததைப் பதியாமலே விட்டிருந்தார்கள். பதிந்தவர்களும் லோரி மாறும்போது காகிதத்தைத் தொலைத்திருந்தார்கள். அப்படிப்பட்ட பிள்ளைகளைப் பெரிய வாத்தியார் தன் பொறுப்பில் சேர்த்துக்கொள்வார். போனாலும் பேரை அடிக்க மாட்டார். முதல் வாரம் சுகமில்லை என்று எழுதுவோம். பிறகு வந்ததாகவே வருகை போடுவோம். எண்ணிக்கை குறைந்தால் ஓர் ஆசிரியரைத் தூக்கிவிடுவார்கள் என்ற கவலையும் அவருக்கு இருந்திருக்கும். தூக்கினால் அது நானாகத்தான் இருக்கும் என்று எனக்கும் தெரியும். இதையெல்லாம் இப்போது ஒளிப்பானேன்.

ஏழு வாரம் கழித்து அந்த அண்ணனும் தம்பியும் ஒரு திங்கட்கிழமை வந்து, கக்கூசுக்குப் போய்விட்டு வந்தவர்கள் மாதிரி, தங்கள் இடத்தில் உட்கார்ந்தார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. பேர் இருந்தது, கூப்பிட்டேன், "உள்ளேன் டீச்சர்" என்றார்கள். அன்றைக்கே அவர்களுக்குச் சோறு கிடைத்தது. பெரிய வாத்தியார் சன்னல் வழியாக என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். அவர் செய்வது நியாயம் என்று அன்று நான் முழுசாக நம்பினேன்.

நான் சொல்ல வந்தவள் ஜனவரியிலேயே வந்துவிட்டாள், அம்மாவோடு. பதின்மூன்று வயதில் ஆறாம் வகுப்பு. நடுவில் ஒரு வருடம் எந்தப் பள்ளிக்கும் போகாமல் கழிந்துவிட்டதாம். அப்பா இல்லை. எங்கே என்று நான் கேட்கவில்லை. அம்மா மருந்தடிக்கும் கூட்டத்தில் வேலை செய்தார். ஐந்தும் ஆறும் சேர்ந்த என் வகுப்பில் பதினோரு பேர். அவள் தலை மட்டும் உயரமாகத் தெரியும். வாய் அதைவிட உயரம்.

அம்மா வேலை முடிந்து வர மாலை ஐந்தாகும். கடைசி லயத்தில் தனியாக இருக்க அவளுக்குப் பிடிக்காது. பிப்ரவரியில் ஒரு நாள் கணக்கில் சந்தேகம் என்று மத்தியானம் என் வீட்டுக்கு வந்தாள். அதற்குப் பிறகு சந்தேகம் இல்லாமலே தினமும் வந்தாள். நான் வைத்த சாம்பாரை ஊற்றிக்கொண்டு, கரண்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"டீச்சர், நீங்க சாம்பார் வெக்கிறீங்களா, தண்ணி காய வெக்கிறீங்களா?"

"வாயாடி, பேசாம தின்னு."

"தின்னத்தான் செய்றேன். பருப்பு எங்க இருக்குன்னு தேடிக்கிட்டே தின்றேன்."

நான் சிரித்தேன். அந்த வீட்டில் நான் சத்தம் போட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். பிறகு அவள் சொல்கிறபடி பருப்பை அதிகம் போட்டேன். இரண்டு தட்டு எடுத்து வைப்பது பழக்கமாகிவிட்டது. சாப்பிட்டுவிட்டு அவள் மேசையில் உட்கார்ந்து மலாய்ப் பாடத்தை உரக்க வாசிப்பாள், உச்சரிப்பு கொலையாக இருக்கும், நான் பாய் போட்டுப் படுத்தபடியே திருத்துவேன். ஞாயிற்றுக்கிழமையில் அவள் வரமாட்டாள். ஞாயிற்றுக்கிழமையை நான் வெறுக்க ஆரம்பித்தேன்.

அவளுக்கு ஒரே ஆசை. அசாம் ஜாவாவில் சாமான் வாங்கப் போகும்போதெல்லாம் பஸ்ஸுக்கு நிற்கும் இடைநிலைப் பள்ளிப் பெண்களைப் பார்த்திருக்கிறாள். அவர்கள் போட்டிருந்த பச்சையும் நீலமும் கலந்த கவுனைத் தானும் போட வேண்டும். ஆறாம் வகுப்பு முடித்து, மலாய் பழகப் புகுமுக வகுப்பில் ஒரு வருடம், அப்புறம் முதல் படிவம் என்று விரல் விட்டு எண்ணுவாள். அம்மா வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு நாள் மகளைக் கூப்பிட்டுப் போக வந்தவர் வாசலிலேயே நின்று சொன்னார். மருந்து வாடை அடிக்கிற உடுப்போடு ஒரு நாளும் அவர் உள்ளே வந்ததில்லை.

"ஆறு முடிச்சு பெரிய பள்ளிக்கூடத்துல எடம் குடுத்தா போகட்டும் டீச்சர். குடுக்கலன்னா ஜனவரியில எங்கூட மருந்துப் பம்பு தூக்கணும். வயசுப் புள்ளய லயத்துல ஒத்தையில விட்டுட்டு நான் எப்படி வேலைக்குப் போறது?"

"எடம் கெடைக்கும்மா. நான் பாத்துக்கிறேன்" என்றேன். இடம் கேட்டு அனுப்பும் பட்டியலை எழுதுகிறவளே நான்தானே என்ற தைரியம்.

ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை நான் சுங்கை சோவுக்குப் போயிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மாலை திரும்பி வந்தபோது வாசலில் ஒரு பிளாஸ்டிக் பை இருந்தது. உள்ளே பள்ளிக்கூடத்துப் புத்தகங்கள். ஒன்று குறையாமல், அட்டை போட்டு, கிழிந்திருந்த ஒரு பக்கத்தைச் சோற்றுப் பசையில் ஒட்டி வைத்திருந்தாள். வேறு தோட்டத்துக்குப் போவதானால் இரவல் புத்தகங்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மாற்றல் கடிதம் வாங்கிக்கொள்ள வேண்டும், அதைக் காட்டினால்தான் அடுத்த பள்ளியில் பேர் எழுதுவார்கள் என்று வகுப்பில் நான்தான் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். பதினோரு பேரில் அதைக் காதில் வாங்கியவள் அவள் ஒருத்திதான்.

தோட்டத்துக் காவலாளியின் மனைவி எதிர் வீட்டிலிருந்து வந்தார். "நேத்து காலையிலேருந்து ஒங்க வாசல்லயே ஒக்காந்திருந்துச்சு டீச்சர். டீச்சர் வராம போகமாட்டேன்னு ஒரே அடம். லோரிக்காரன் ஹாரன் அடிச்சு, அம்மா வந்து இழுத்துக்கிட்டுப் போச்சு. ரொம்பத் தூரமாம், கெர்லிங் பக்கமாம்."

நான் உள்ளே போய் உட்கார்ந்து அழுதேன். அவளுக்காக அழுதேன் என்று சொல்ல முடியாது. நாளை மத்தியானத்தை நினைத்துத்தான் அழுதேன்.

திங்கட்கிழமை பேர் கூப்பிடும்போது அவள் பேரையும் கூப்பிட்டுவிட்டு நிமிர்ந்தேன். கடைசி வரிசையில் நாற்காலி காலி. மாற்றல் கடிதத்தை எழுதி அஞ்சலில் அனுப்புவதுதான் முறை. எந்தத் தோட்டம் என்று சரியாகத் தெரியாதுதான், ஆனால் ஆள்களை மேய்க்கும் மண்டோரைக் கேட்டால் சொல்லியிருப்பார். நான் கேட்கவில்லை. கடிதம் போய்விட்டால் அவள் திரும்பி வரமாட்டாள். கொந்திராக்குக் குடும்பம் வேலை முடிந்தால் இங்கேயே திரும்பி வரும், அந்த அண்ணன் தம்பி வரவில்லையா, என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முதல் வாரம் சுகமில்லை என்று எழுதலாம் என்று நினைத்துப் பேனாவை எடுத்தவள், அதைக்கூட எழுத மனம் வராமல், நேராக வருகை போட்டேன்.

அன்று முதல் தினமும் போட்டேன். அவள் பேருக்கு வந்த சோறும் முட்டையும் வேறு பிள்ளைக்குப் போயிற்று. பாலை மட்டும் நான் யாருக்கும் கொடுக்கவில்லை. பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து, மத்தியானம் மேசையில் வைத்து, கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு நானே குடிப்பேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. ஒரு பிள்ளையின் பாலைக் குடித்த டீச்சர் என்று என்னை யாராவது திட்டினால் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

ஜூலையில் அவளிடமிருந்து கடிதம் வந்தது. கோடு போட்ட தாளில் பென்சிலால் எழுதியிருந்தாள். நலம், நலமறிய ஆவல் என்று முறையாகத் தொடங்கி, நேராக விஷயத்துக்கு வந்திருந்தாள். கெர்லிங்கில் தோட்டத்துப் பள்ளியில் பின்னால் உட்கார விட்டிருக்கிறார்கள். ஆனால் தினமும் காலையில் எல்லார் பேரையும் கூப்பிடுகிறார்கள், அவள் பேரைக் கூப்பிடுவதில்லை. புத்தகம் தரவில்லை, பக்கத்துப் பிள்ளையின் புத்தகத்தை எட்டிப் பார்த்துக்கொள்கிறாள். இடைவேளையில் எல்லாரும் சாப்பிடும்போது வெளியே குழாயடியில் நிற்கிறாள். மாற்றல் கடிதம் வந்தால்தான் பேர் எழுதுவார்களாம், தயவு செய்து அனுப்பவும். கடைசியில் ஒரு வரி: சாம்பாரில் பருப்பு போடுகிறீர்களா?

கடிதத்தைப் பெரிய வாத்தியாரிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டு, இரண்டு தடவை படித்தார்.

"அனுப்பலாம் டீச்சர். ஆனா நாம கடுதாசி அனுப்பினா இங்க பேர் போயிடும். அங்க உள்ள பெரிய வாத்தியாரு சூராட் பெரானாக் கேட்டு, சேத்துக்க முடியாதுன்னு சொல்லிட்டா? இங்கயும் இல்ல, அங்கயும் இல்ல. ஆறாம் வகுப்புப் புள்ள. கடைசியில பெரிய பள்ளிக்கூடத்துக்கு எடம் போட்ற பட்டியல்ல பேர் வேணும்ல? தீபாவளிக்குள்ள வந்துருவாங்க. வெச்சிருப்போம்."

அவர் கெட்ட மனிதர் இல்லை. அந்த வழக்கத்தால் எத்தனையோ பிள்ளைகளைக் காப்பாற்றியவர். கெர்லிங் தலைமையாசிரியருக்கு ஒரு வரி எழுதி, பிறப்புப் பத்திரம் இல்லாமல் சேர்த்துக்கொள்வீர்களா என்று கேட்டிருக்கலாம் என்று அவருக்குத் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது. நல்ல ஞாபகம் இருக்கிறது, அவர் அறையில் நின்றுகொண்டிருக்கும்போதே தோன்றியது. வாயைத் திறக்கவில்லை. அவர் சொன்னது எனக்கு வசதியாக இருந்தது.

அவளுக்குப் பதில் எழுதினேன். உன் பேர் இங்கே பத்திரமாக இருக்கிறது, கவலைப்படாதே, அம்மாவிடம் சொல்லிச் சீக்கிரம் வந்துவிடு. பருப்பு போடுகிறேன். இப்படி. அவளிடமிருந்து பதில் வரவில்லை. தபால்காரர் தோட்டத்து ஆபீசில் கடிதங்களைப் போட்டுவிட்டுப் போவார். தினமும் பள்ளி விட்டதும் அங்கே போய்க் கணக்கெழுதும் கிராணியிடம் கேட்பேன். "டீச்சருக்கு மாப்பிள்ளை கடுதாசி போல" என்று அவர் கிண்டல் பண்ணுவார். நானும் சிரித்துவைப்பேன்.

தீபாவளி வந்தது, அவர்கள் வரவில்லை. ஆறாம் வகுப்புப் பிள்ளைகளின் பட்டியலை நான் எழுதி அனுப்பினேன். நவம்பரில் எந்தப் பிள்ளைக்கு எந்த இடைநிலைப் பள்ளி என்று துண்டுச் சீட்டுகள் வந்தன. அவளுக்கும் வந்திருந்தது. கோலசிலாங்கூரில் இடம். எனக்கு நிலைகொள்ளவில்லை. சொன்னதைச் செய்துவிட்டோம் என்று பெருமை வேறு. பெரிய வாத்தியாரும் "பாத்தீங்களா?" என்றார். சீட்டை நானே கொண்டுபோய்க் கையில் கொடுப்பது என்று முடிவு செய்தேன்.

அதற்கு முன் பள்ளியில் பரிசளிப்பு நடந்தது. யார் யாருக்கு என்ன பரிசு என்று கிள்ளான்காரர்தான் பதிவேடுகளைப் பார்த்து எழுதினார். அவருக்கு எங்கள் வகுப்பு விவகாரம் எதுவும் தெரியாது, தெரிந்துகொள்ளவும் விரும்பாதவர். பெற்றோரெல்லாம் உட்கார்ந்திருக்க, ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டார். ஆறாம் வகுப்பு, முழு வருகைக்கான பரிசு என்று சொல்லி அவள் பேரைக் கூப்பிட்டார். ஆண்டு முழுவதும் ஒரு நாளும் தவறாமல் வந்த ஒரே மாணவி.

யாரும் எழுந்திருக்கவில்லை. அவர் மறுபடி கூப்பிட்டார். முன்வரிசையில் இருந்த இரண்டாம் வகுப்புப் பொடிசு ஒன்று, "அது இல்ல சார், அது எப்பவோ லோரியில போயிருச்சு" என்றது. பெற்றோர் சிரித்தார்கள். பெரிய வாத்தியார் தரையைப் பார்த்தார். நான் எழுந்துபோய், "நான் குடுத்துடறேன்" என்று பரிசை வாங்கிக்கொண்டு வந்தேன். வண்ணத்தாள் சுற்றிய பென்சில் பெட்டி. அதுவரை அவள் திரும்பி வருவாள் என்று காத்திருந்தவளுக்கு, அவள் ஐந்து மாதமாக எங்கேயோ ஒரு வகுப்பில் பேர் இல்லாமல் உட்கார்ந்திருந்திருக்கிறாள் என்பது அப்போதுதான் உறைத்தது.

டிசம்பர் முதல் வாரம் ராவாங்கிலிருந்து பஸ் பிடித்துக் கெர்லிங்கில் இறங்கி, விசாரித்து விசாரித்து நடந்தேன். ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை நட்டுக்கொண்டிருந்த தோட்டம். நிழலே இல்லை. லயத்தைக் கண்டுபிடித்து வாசலில் இருந்த பலகையில் உட்கார்ந்தேன். பிற்பகல் மூன்று மணிக்கு அம்மாவும் மகளும் வந்தார்கள். இரண்டு பேர் முதுகிலும் மருந்துப் பம்பு இருந்தது. நான் எழுந்து நின்றேன். சீட்டு என் பையில் இருந்தது.

"டீச்சரா? எளச்சுப் போயிட்டீங்க!" என்றாள். அவளும் கறுத்து, கன்னம் ஒட்டிப் போயிருந்தாள். பம்பை இறக்கிவைத்து, சவுக்காரம் போட்டுக் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டுக் காப்பி கலக்கினாள். நான் முதலில் பரிசைக் கொடுத்தேன். தாளைப் பிரித்து, உள்ளே இருந்த அட்டையை வாசித்தாள். முழு வருகை. அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. படிக்கத் தெரியாத அம்மாவுக்கு விளக்கிச் சொன்னாள். "ஒரு நாளும் லீவு போடாம அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனேனாம்மா!" அம்மாவும் சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன், வேறென்ன செய்வது.

சீட்டை நீட்டினேன். அதை வாசித்ததும் சிரிப்பு நின்றது.

"இது கோலசிலாங்கூர்ல இருக்கிற பள்ளிக்கூடம் டீச்சர்."

"ஆமா."

"நான் இங்கல்ல இருக்கேன்."

அம்மா தலைத்துண்டை அவிழ்த்தபடி மெதுவாகச் சொன்னார். "இங்க ஆறு முடிச்ச புள்ளைங்க எல்லாத்துக்கும் பக்கத்துல கோலகுபுல எடம் கெடச்சிருக்கு டீச்சர். அங்க தங்கிப் படிக்க எடமும் இருக்காம், எஸ்டேட்டுப் புள்ளைங்களுக்கு. நான் வேலைக்குப் போனாலும் பயமில்ல. இங்க உள்ள பெரிய வாத்தியாரு தங்கமான மனுசன். சூராட் பெரானாக் இல்லாட்டியும் பரவால்ல, அப்பறம் பாத்துக்கலாம், பழைய பள்ளிக்கூடத்துக் கடுதாசி ஒண்ணு வந்தாப் போதும்னு எத்தனையோ தடவ கேட்டாரு. வரல. ஒங்க பெரிய வாத்தியாரு எழுதித் தரலன்னா நீங்க என்னா செய்வீங்க."

பிறகு நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நான் திரும்பிப் போய்ச் சொன்னதும் பெரிய வாத்தியார் அங்கேயே உட்கார்ந்து மாற்றல் கடிதத்தை எழுதினார், என்னையும் ஏற்றிக்கொண்டு கல்வி இலாகாவுக்குப் போனார். அவர்கள் சொன்னதில் தப்பில்லை. அவள் ஆறாம் வகுப்பை எங்களிடம் முடித்துவிட்டவள், இனி எங்களிடம் மாற்றல் கிடையாது. கோலசிலாங்கூர்ப் பள்ளியில் ஜனவரியில் நேரில் போய்ச் சேர்ந்து, அங்கிருந்துதான் மாற வேண்டும். சேர்வதற்குப் பிறப்புப் பத்திரம் வேண்டும். பெரிய வாத்தியார் வெளியே வந்து காரில் ஏறி, சாவியைப் போடாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். ஜனவரியில் அவள் அங்கே சேரவில்லை, எந்தப் பள்ளியிலும் சேரவில்லை. அந்தக் குத்தகைக்காரரின் லோரி பேராக் பக்கம் போய்விட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். என் தற்காலிக வேலையும் அந்த வருடத்தோடு முடிந்தது.

ஆனால் அன்றைக்குக் கெர்லிங்கில் அந்தப் பலகையில் உட்கார்ந்திருந்தபோது இதெல்லாம் எனக்குத் தெரியாது. அம்மா எனக்கு ஒரு வழி விட்டிருந்தார். பெரிய வாத்தியார்மேல் பழியைப் போட்டுவிட்டுக் காப்பியைக் குடித்துவிட்டுப் போயிருக்கலாம். போட நினைத்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான்தாம்மா எழுதல" என்றேன். "எழுதியிருக்கலாம். இங்க உள்ள பெரிய வாத்தியார்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம். இவ திரும்பி வந்துருவான்னு நெனச்சு பேர அங்கயே வெச்சிருந்தேன்."

அம்மாவுக்கு அது புரியவில்லை. பேரை வைத்திருப்பது நல்லதுதானே என்கிற மாதிரி தலையாட்டினார். அவளுக்குப் புரிந்தது. சீட்டை நாலாக மடித்து, பென்சில் பெட்டிக்குள் வைத்து, மூடினாள்.

"ஒங்களுக்கு மத்தியானத்துல தொண இல்லன்னுதானே டீச்சர்?"

கோபமாகக் கேட்கவில்லை. கணக்கில் சந்தேகம் கேட்கிற அதே குரல். "ஏய், டீச்சர்கிட்ட என்னா பேச்சுப் பேசுற" என்று அம்மா அதட்டினார். நான் அவரைத் தடுத்தேன்.

"ஆமா" என்றேன்.

அவள் தலையாட்டினாள். எனக்கு இன்னும் கொஞ்சம் காப்பி ஊற்றினாள். அப்புறம் எழுந்து குழாயடிக்குப் போய், மறுநாள் வேலைக்கு வேண்டுமென்று, இரண்டு பம்புகளையும் கவிழ்த்துக் கழுவ ஆரம்பித்தாள். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று நான் கிளம்பி, தார் போட்ட சடக்குக்கு ஏறி, திரும்பிப் பார்த்தபோதும் கழுவிக்கொண்டுதான் இருந்தாள்.